பழைய கிரெடிட் கார்டு கடனுக்குக் கோர்ட் சம்மன் வந்தால்

சென்னிமலையில் பெரியம்மா வீட்டு நாள்காட்டி ஆணியில் அந்தச் சம்மன் பதினெட்டு நாள் தொங்கியது. கோர்ட் சம்மனைக் கொண்டுவரும் ஊழியரான அமீனா வந்த நேரத்தில் அண்ணன் தறிக்குடோனில் இருந்தார். பெரியம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி, கரண்ட் பில்லுக்கு மேலே குத்தி வைத்தார். சாயங்காலம் அண்ணன் வந்து மேல் வரியை மட்டும் படித்தார். மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டார். பத்தொன்பதாவது நாள் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தபோதுதான் என்னிடம் சொன்னார். "கார்டுல வாங்குனது நெசந்தானே தம்பி. கோர்ட்டுல போய் நின்னு என்னன்னு சொல்றது? கேவலமா இருக்காதா?"

நான் ஈரோட்டில் இருபத்திரண்டு வருடமாக வக்கீல் குமாஸ்தா. இதே கேள்வியைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் கேட்டிருக்கிறார், கோபி பக்கத்து வாத்தியார் கேட்டிருக்கிறார், பவானி ஜமக்காள வியாபாரி ஒருவர் கண் கலங்கிக் கேட்டிருக்கிறார். நம் பக்கத்தில் வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது மானப் பிரச்சினை. சீட்டு, கைமாற்று, மஞ்சள் மண்டி பாக்கி என்று பாதி வியாபாரம் வாய்ச்சொல்லில் நடக்கிற ஊர். அந்த மானமே சம்மன் வந்தவரைக் கோர்ட் வாசல் மிதிக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. போகாதவருக்கு என்ன ஆகும்? எதிர்த்தரப்பு கேட்ட தொகை அப்படியே தீர்ப்பாகிவிடும். அறுபதாயிரம் செலவழித்தவர் இரண்டு லட்சத்துக்குக் கடனாளி ஆகிவிடுவார்.

மண்டியில் போய்ப் பேரேட்டைக் காட்டச் சொல்லிக் கணக்குப் பார்ப்பதை யாரும் கேவலம் என்று சொல்வதில்லை. கோர்ட்டில் பிரதிவாதியாக நிற்பதும் அவ்வளவுதான். இதை நம்பி மேலே படியுங்கள். உங்கள் வழக்குக்கு வக்கீல் வேண்டும்; அவரிடம் போவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

வந்திருப்பது என்ன காகிதம்?

பதறுவதற்கு முன் காகிதத்தை முழுசாகப் படியுங்கள். பழைய கார்டு கடனுக்கு நான்கு விதமான காகிதங்கள் வீட்டுக்கு வரும். நான்கும் ஒன்றல்ல.

வக்கீல் நோட்டீஸ் என்றால் வழக்கு இன்னும் போடவில்லை என்று அர்த்தம். மக்கள் நீதிமன்றத்திலிருந்து, அதாவது லோக் அதாலத்திலிருந்து வருவது பேச்சுவார்த்தைக்கான அழைப்பு. வழக்குப் போடுவதற்கு முந்தைய கட்டத்தில் வரும் அந்த அழைப்புக்கு நீங்கள் போகாவிட்டாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் அங்கே உங்கள்மேல் தீர்ப்புப் போட முடியாது. மூன்றாவது, நடுவர் ஒருவரிடமிருந்து வரும் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ். கோர்ட் முத்திரை இல்லையே என்று இதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுவர் தரும் முடிவைக் கோர்ட் டிக்ரி, அதாவது தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். கடன் கொடுத்த கம்பெனி தானாகவே ஒரே நடுவரை நியமித்திருந்தால் அந்த நியமனத்தை எதிர்க்க வழி உண்டு. வழக்கின் முடிவில் அக்கறையுள்ள தரப்பு தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபணையை எழுத்தில் உடனே கொடுக்க வேண்டும்.

நான்காவதுதான் சம்மன். கோர்ட் பெயர், முத்திரை, ஓ.எஸ். என்று தொடங்கும் வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். கூடவே பிராதின், அதாவது வாதி கோர்ட்டில் போட்ட வழக்கு மனுவின் நகலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அமீனா கொண்டுவருவார், அல்லது தபாலில் வரும். நீங்கள் இல்லாதபோது வீட்டில் இருக்கும் வயதுவந்த குடும்பத்தார் வாங்கினாலும் செல்லும். வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அதுவும் கொடுத்ததாகவே கணக்கு. ஆகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மைதானா என்று சந்தேகம் வந்தால் போனில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து வழக்கு எண்ணையோ, பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணையோ போட்டுப் பாருங்கள். கோர்ட் பெயர், கட்சிக்காரர்கள் பெயர், அடுத்த வாய்தா எல்லாம் வரும். 'கைது வாரண்ட்' என்று சிவப்பு எழுத்தில் வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள். கார்டு கடன் கட்டாமல் போவது சிவில் விஷயம். அதற்காகப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போக முடியாது.

தேதியை எழுதி வையுங்கள்

சம்மன் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். அன்றிலிருந்து முப்பது நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது பிராதுக்கு உங்கள் எழுத்துப் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் ஆபீஸில் இதை ரிட்டன் ஸ்டேட்மெண்ட் என்பார்கள். தகுந்த காரணம் சொன்னால் கோர்ட் மொத்தம் தொண்ணூறு நாள் வரை நீட்டிக் கொடுக்கலாம். ஆனால் நீட்டிப்பை நம்பி உட்காரக் கூடாது. நிறையப் பேர் சம்மனில் உள்ள வாய்தா தேதியிலிருந்து நாள் எண்ணுகிறார்கள். தப்பு. சம்மன் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

சம்மனில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 'கட்டளை 37' என்று இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். இருந்தால் அது சுருக்கமுறை வழக்கு. அதில் பத்தே நாளில் ஆஜராவதாகக் கோர்ட்டில் தெரிவிக்க வேண்டும். அப்புறம் எதிர்த்தரப்பு இன்னொரு சம்மன் கொடுக்கும். அது வந்த பத்து நாளுக்குள், வழக்கை எதிர்த்து நடத்த அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். இந்த வகைச் சம்மனை அண்ணன் மாதிரி பதினெட்டு நாள் ஆணியில் மாட்டி வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவருக்கு வந்தது சாதாரண வழக்கு. மிச்சம் பன்னிரண்டு நாள் இருந்தது.

வாயையும் கையெழுத்தையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள்

சம்மன் வந்த சமயத்தில் வசூல் ஏஜென்ட்டும் போன் செய்வார். "ஒரு ஆயிரம் மட்டும் போட்டு விடுங்க சார், கேஸை நிறுத்தி வைக்கச் சொல்றேன்" என்பார். ஏஜென்ட் சொல்லி வழக்கு நிற்காது. அந்த ஆயிரமும், அதோடு நீங்கள் போடும் ஒரு கையெழுத்தும் உங்கள் பக்கத்து நியாயத்தையே கரைத்துவிடக்கூடும்.

காரணம் இதுதான். கடனை வசூலிக்க வழக்குப் போடுவதற்குக் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம் தருகிறது. அந்த மூன்று வருடம் முடிவதற்குள் 'ஆமாம், இவ்வளவு தர வேண்டும்' என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பிரிவு 18-ன்படி அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். கொஞ்சம் பணம் கட்டி, அதற்கு உங்கள் கையெழுத்துள்ள சான்று இருந்தால் பிரிவு 19-ன்படியும் அப்படியே. மூன்று வருடம் முடிந்த பிறகு? ஒப்புக்கொண்டதால் மட்டும் பழைய கெடு உயிர் பெறாது. ஆனால் 'கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)-ன்படி அது புது ஒப்பந்தமாகவே ஆகிவிடும். செத்த கடன் உங்கள் பேனா முனையில் உயிர் பெற்றுவிடும்.

ஆகவே போனில் பணிவாக ஒரே பதில் போதும்: "கோர்ட்டுல இருக்குதுங்க, வக்கீல் மூலமா பேசிக்கலாங்க." வாட்ஸ்அப்பில் 'அடுத்த மாசம் கட்டிடறேனுங்க' என்று மரியாதைக்காக அனுப்பும் செய்தியையும் எதிர்த்தரப்பு ஒப்புகை என்று அச்செடுத்துத் தாக்கல் செய்யலாம். செக் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எழுதிக் கொடுக்காதீர்கள். கார்டு பாக்கி சிவில் வழக்கோடு நிற்கும். செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138-ன்படி கிரிமினல் வழக்காகும்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜென்ட்கள் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. சொந்தக்காரர்களிடம் போய்ச் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது. மீறினால் தேதி, நேரம், நம்பரோடு குறித்து வையுங்கள்.

மூன்று வருடக் கணக்கு

இந்த வேலையை நீங்களே செய்யலாம், செய்யத்தான் வேண்டும். பழைய கார்டு வழக்குகளில் பாதி உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு மறுநாள் ராத்திரி அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிராதையும் அதோடு வந்த ஸ்டேட்மெண்ட் கட்டையும் விரித்தோம். நாற்பத்தொரு பக்கம். அண்ணன் மகள் ஸ்கேலும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஸ்கேலை நகர்த்தினோம். வட்டி, தாமதக் கட்டணம், ஜி.எஸ்.டி., மறுபடி வட்டி, தாமதக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று பக்கம் பக்கமாக அதே மூன்று வரிகள். வரவுப் பக்கம் வெறுமை. பதினேழாம் பக்கம் வந்தபோதுதான் ஸ்கேல் நின்றது: 10.06.2018, வரவு 2,500 ரூபாய். அண்ணன் பேங்க் பாஸ்புத்தகத்தைப் புரட்டினார். அதே தேதி, அதே தொகை. அதுதான் அவர் கடைசியாகக் கட்டியது. அடுத்த தவணை 05.07.2018-ல் தவறியிருந்தது.

அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் என்றால் 2021 ஜூலை 5. இதோடு கணக்கு முடியவில்லை. கொரோனா காலத்துக்காக உச்ச நீதிமன்றம் 15.03.2020 முதல் 28.02.2022 வரையுள்ள நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. 15.03.2020 அன்று எவ்வளவு காலம் மிச்சம் இருந்ததோ, அது 01.03.2022-லிருந்து ஓடும். மிச்சம் தொண்ணூறு நாளுக்கும் குறைவாக இருந்தால் தொண்ணூறு நாள் கிடைக்கும். பழைய கார்டு வழக்கு வைத்திருக்கும் பலர் இதை மறந்துவிட்டு, 'மூணு வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு' என்று தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

அண்ணன் விஷயத்தில் 15.03.2020 அன்று மிச்சம் ஒரு வருடம் மூன்று மாதம் இருபது நாள். அதை 01.03.2022-லிருந்து கூட்டினால் 2023 ஜூன் மூன்றாவது வாரம் வருகிறது. பிராதின் முதல் பக்கத்தில் கோர்ட் போட்ட தாக்கல் தேதி 2024 ஜனவரி. ஏழு மாதம் தாமதம்.

அண்ணன் நம்பவில்லை. "அவுங்க இதெல்லாம் பாக்காமயா கேஸ் போட்டிருப்பாங்க?" என்றார். பிராதில் 'வழக்குமூலம்' என்று ஒரு பத்தி இருக்கும். வழக்குப் போடும் உரிமை எப்போது, எங்கே எழுந்தது என்று அதில் சொல்ல வேண்டும். அண்ணன் பிராதில், 2023 நவம்பரில் நோட்டீஸ் அனுப்பிய தேதியில் வழக்குமூலம் எழுந்ததாக எழுதியிருந்தார்கள். கடன் கொடுத்தவர் தானாக அனுப்பும் நோட்டீஸ் கெடுவை நீட்டாது. அவர்கள் கணக்கில் அவர்களே மாதாமாதம் வட்டி எழுதிக்கொண்டு போவதும் நீட்டாது. கெடுவை நீட்டுவது நீங்கள் செய்யும் காரியம்தான்: எழுத்தில் ஒப்புக்கொள்வது, அல்லது கட்டுவது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில் இரண்டு தரப்பு வக்கீல்களும் வாதாடுவார்கள். கார்டை ரத்து செய்த தேதி, கடைசி ஸ்டேட்மெண்ட் தேதி என்றெல்லாம் வரும். அதனால்தான் எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுபோங்கள்: கார்டு வாங்கியது, கடைசியாகச் செலவழித்தது, கடைசியாகக் கட்டியது, முதல் தவணை தவறியது, ஏதாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டது, வழக்குத் தாக்கல் ஆனது. எந்த வக்கீலும் அந்தத் தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்.

கெடு தாண்டிய வழக்கை, பிரதிவாதி கேட்காவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 3 சொல்கிறது. சட்டம் அப்படி. நடைமுறையில், பிரதிவாதி வராத வழக்குகள் கட்டுக் கட்டாகப் போகும் நாளில், சுட்டிக்காட்ட ஆள் இல்லாமல் கெடு தாண்டிய வழக்கும் டிக்ரி ஆனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

யார் கேட்கிறார்கள், எதை வைத்துக் கேட்கிறார்கள்

பிராதில் வாதி யார் என்று பாருங்கள். உங்களுக்குக் கார்டு கொடுத்த பேங்க் இல்லாமல், கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் இருக்கலாம். பழைய வராக்கடன்களைச் சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிகளுக்கு பேங்குகள் விற்கின்றன. விற்பது சட்டப்படி சரிதான். ஆனால் உங்கள் கடன்தான் கைமாறியது என்று காட்டும் ஒப்படைப்புப் பத்திரமும், அதில் உங்கள் கணக்கு எண் உள்ள பட்டியலும் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

அடுத்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட கார்டு விண்ணப்பம், வட்டி விகிதம் உள்ள நிபந்தனைகள், முதல் மாதத்திலிருந்து முழு ஸ்டேட்மெண்ட். பெரும்பாலும் கடைசி ஓரிரு வருட ஸ்டேட்மெண்ட்தான் வரும். தொடக்க இருப்பு என்று ஒரு பெரிய தொகையில் அது ஆரம்பிக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. பேங்க் கணக்கு நகலுக்கு 1891-ம் வருட வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். கம்ப்யூட்டரில் எடுத்த அச்சு என்றால் அதற்குரிய மின்னணுச் சான்றிதழும் வேண்டும். முன்பு 65-பி என்றது, 2024 ஜூலை முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 63.

ஸ்டேட்மெண்டில் மூன்று வண்ணப் பேனா வைத்து, நீங்கள் உண்மையில் வாங்கிய பொருள்களுக்கு ஒரு நிறம், வட்டிக்கு ஒரு நிறம், கட்டணங்களுக்கு ஒரு நிறம் அடியுங்கள். அண்ணன் கார்டில் நூல் வாங்கியதும் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்த்து நிலுவை அசல் 62,000 ரூபாய். கேட்டது 2,14,860. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு நாற்பத்திரண்டு. கூட்டு வட்டியாக ஓடினால் அதற்கும் மேலே போகும். கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகள் சொல்கின்றன. அந்தக் காலத்துக்குப் பிறகும் அப்படிப் போட்டிருந்தால் குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'முப்பது சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி செல்லாது' என்று யாராவது சொன்னால் அது பழைய செய்தி. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படிச் சொன்னது உண்மை. உச்ச நீதிமன்றம் 20.12.2024-ல் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே விகிதத்தை மட்டும் நம்பி வழக்காடாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையில் அந்த விகிதம் இருந்ததா, கணக்கு சரியாகப் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். டிக்ரிக்குப் பிறகு ஓடும் வட்டியைக் கோர்ட் தன் விருப்பப்படி குறைக்கலாம். அதைக் கேட்டு வாங்குவதற்கும் நீங்கள் கோர்ட்டில் இருந்தாக வேண்டும்.

எதிர்வழக்குரை எழுதும்போது

பிராதில் பத்திகளுக்கு எண் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். பொத்தாம் பொதுவாக 'எல்லாம் பொய்' என்று எழுதினால் அது மறுப்பாகாது. குறிப்பாக மறுக்காத விஷயத்தை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு எழுதியதில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

'பிராது 5-ம் பத்தியில் பிரதிவாதி ரூ. 2,14,860 தர வேண்டும் என்று கூறியிருப்பது சரியல்ல, மறுக்கப்படுகிறது. பிரதிவாதி கடைசியாகப் பணம் செலுத்திய தேதி 10.06.2018. அதன்பின் எந்தத் தொகையும் செலுத்தவில்லை. எந்த ஒப்புகையும் எழுதிக் கொடுக்கவில்லை. வழக்கு காலவரையறைச் சட்டப்படி கெடு கடந்தது.'

கார்டு வாங்கவே இல்லை என்று எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். வாங்கியிருந்தால் எழுதாதீர்கள். எதிர்வழக்குரையில் சொன்னது உண்மை என்று கீழே உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். குறுக்கு விசாரணையில் விண்ணப்பத்தைக் காட்டி 'இது உங்க கையெழுத்தா' என்று கேட்கும்போது அந்த ஒரு பொய் மற்ற நல்ல வாதங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அண்ணன் கார்டு வாங்கியதையும் செலவழித்ததையும் ஒப்புக்கொண்டார். தொகையையும் கெடுவையும்தான் எதிர்த்தார். அவர் கூச்சம் அன்றோடு பாதி போய்விட்டது.

பாஸ்புத்தகம், கட்டிய ரசீது, கார்டை மூடச் சொல்லி அனுப்பிய மின்னஞ்சல், முன்பே செட்டில்மென்ட் ஆகியிருந்தால் அந்தக் கடிதம் எல்லாவற்றையும் எதிர்வழக்குரையோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். ஏற்கெனவே முடித்த கார்டுக்கும் வழக்கு வருவதுண்டு. பழைய போனில் உள்ள எஸ்.எம்.எஸ்.களை அழித்துவிடாதீர்கள்.

அப்பா பெயரில் இருந்த கார்டுக்கு அவர் இறந்தபின் பிள்ளைகள்மேல் வழக்கு வந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்து உங்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. இதையும் எதிர்வழக்குரையில் சொல்ல வேண்டும்.

வாய்தா நாளும் வக்கீலும்

பத்தரைக்கு முன்பே போய்விடுங்கள். வழக்கு எண்ணையும் உங்கள் பெயரையும் கூப்பிடுவார்கள். டீக்குடிக்கப் போயிருந்த நேரத்தில் கூப்பிட்டு, ஆஜரில்லை என்று குறித்துவிட்ட கதைகள் எனக்கு நிறையத் தெரியும். வக்கீல் இன்னும் அமையவில்லை என்றால், "வக்கீல் வெச்சு எதிர்வழக்குரை போட வாய்தா வேணுங்க ஐயா" என்று நேரில் கேட்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

வக்கீல் கூலிக்கு வழியில்லை என்று ஒதுங்காதீர்கள். ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் என்று ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா அளவிலும் குழு உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் தெரிவதே இல்லை. தயவுசெய்து பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

சமாதானம் பேசுவதென்றால்

கெடு தாண்டவில்லை, கடனும் உண்மை, கணக்கும் ஓரளவு சரி என்றால், இழுத்தடிப்பதைவிடச் சமாதானம் நல்லது என்பது என் எண்ணம். வழக்கு நடக்கும்போதே லோக் அதாலத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே முடிந்தால் அந்த முடிவு டிக்ரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. அதனால் ஒப்புக்கொள்ளும் முன் வீட்டில் கலந்து பேசுங்கள். கட்டிய கோர்ட் கட்டணம் வாதிக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவர்களும் இறங்கி வருவார்கள். தொகை, தவணைத் தேதி, முடிந்ததும் பாக்கியில்லைச் சான்று தர வேண்டும் என்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். கடன் கணக்குக்கே கட்டுங்கள். குறைத்துக் கட்டினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும். அது 'குளோஸ்டு' அளவுக்கு நல்ல பெயர் இல்லை. வீட்டுக் கடன் வாங்கும் யோசனை இருந்தால் இதையும் பேச்சில் வையுங்கள்.

சமாதானம் அமையாமல் தீர்ப்பு வரும் நிலை வந்தால், தவணையாகக் கட்ட அனுமதிக்கும்படி தீர்ப்புச் சொல்லும்போதே கோர்ட்டிடம் கேட்கலாம். தீர்ப்பு ஆன பிறகு கேட்டால் வாதியின் சம்மதம் வேண்டும்.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்றால்

சம்மன் வந்ததே தெரியாது, ஜப்தி நோட்டீஸ்தான் முதலில் வந்தது என்று அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு. வழி இருக்கிறது. தீர்ப்பு இன்னும் சொல்லவில்லை, எக்ஸ்பார்ட்டி, அதாவது பிரதிவாதி வரவில்லை என்று மட்டும் குறித்திருக்கிறார்கள் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 7-ன்படி மனுப் போட்டு உள்ளே வரலாம். தீர்ப்பே ஆகிவிட்டால் விதி 13. இதற்கு முப்பது நாள் கெடு. சம்மன் முறையாக வரவில்லை என்றால் தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போடலாம். தெரிந்த நாளை நிரூபிக்க அந்த நோட்டீஸ் வந்த தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள்.

டிக்ரியை நிறைவேற்ற அவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட முடியாது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. பி.எஃப். பணம், பெண்கள் கழற்றக் கூடாத தாலி, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர்க் கருவிகளும் பிழைப்புக்கு வேண்டிய உழவு மாடும் விதை தானியமும் ஜப்தியில் வராது. கடன் டிக்ரிக்காகப் பெண்களைச் சிறையில் அடைக்க முடியாது. ஆண்களையும், பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் ஏமாற்றினால்தான் அடைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது.

அண்ணன் வழக்கு 2025-ல் முடிந்தது. கெடு கடந்தது என்று தள்ளுபடி. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கி, ஸ்டேட்மெண்ட் கட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். கடன் இன்னொரு கம்பெனிக்குக் கைமாறி மறுபடி யாராவது கேட்டால் அந்த நகல்தான் பதில். வாங்கிக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு நாள் வந்து, "தம்பி, அந்த அறுபத்திரண்டாயிரம் என்னோட செலவுதான. அதை மட்டும் கட்டீறலாமா?" என்று கேட்டார். கட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அசல் மட்டும் வாங்கிக்கொண்டு முழுத் தீர்வு என்று எழுதித் தருவீர்களா, அந்தக் கடிதம் முதலில் கைக்கு வந்தால் கட்டுகிறேன் என்று கேட்டு ஒரு கடிதம் தயார் செய்தேன். 'இது கடனை ஒப்புக்கொள்ளும் கடிதமோ, கட்டுவதாக உறுதி தரும் கடிதமோ அல்ல' என்ற வரியை எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாகப் போட்டு, வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அண்ணன் கையெழுத்துக்கு நீட்டினேன்.